பின்னாடி அக்காவின் முகம்

இந்தத் தடவை மகள் கேட்டால் பளிச்சென்று வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று பின்னாடி அக்கா தீர்மானம் செய்து வைத்திருந்தாள். "போகாதடி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எந்த அம்மாவும் பிள்ளையைப் பார்த்து நாளெல்லாம் சொல்கிற சாதாரணச் சொல். வெயிலில் போகாதே, மழையில் போகாதே, அவன்கூடப் போகாதே என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்துப்போன அம்மாக்கள் எத்தனையோ பேர். இவளுக்கு மட்டும் அது தொண்டையை விட்டு ஏறவில்லை.

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வெளியூரில் அவர்கள் புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள். அதை ஏற்று நடத்த மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரயிலில் ஒரு இரவு முழுக்கப் போகிற தூரம். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இவ்வளவையும் சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போய்விட்டாள். "நீ என்னம்மா சொல்றே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, குளித்துவிட்டு வந்து கேட்பாள் என்று அக்கா அடுப்படியிலேயே நின்றாள். சாப்பிடும்போது கேட்பாள் என்று எதிரில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை காய்ந்த துணியை இருவரும் சேர்ந்து மடித்தபோது, போர்வையின் அந்த முனையை மகளும் இந்த முனையை இவளும் பிடித்துக்கொண்டு நேருக்கு நேர் நின்றார்கள். இதைவிட வசதியான சந்தர்ப்பம் கிடைக்குமா? மகள் போர்வையைப் பார்த்து மடித்தாள்.

'ஏன், தானே போய்ச் சொன்னால் என்ன? வாயில் என்ன பூட்டா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அவள் புருஷனே அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். ஆனால் பூட்டுத்தான். அதைப் பூட்டியதும் அவளேதான். அதுவும் அரும்பாடுபட்டு, பயிற்சி எடுத்து, பாராட்டு வாங்கிக்கொண்டு பூட்டினாள்.

அந்தக் காலத்தில் அவள் பெரிய கல்லூரி ஒன்றின் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அவள் முகம் இருக்கிறதே, அது ஒரு திறந்த கடை. மனதில் என்ன ஓடினாலும் அப்படியே வெளியே தெரியும். முதலாளி வரும்போது அவள் மூஞ்சியைப் பார்த்தே மெஷின் ரிப்பேர் என்று கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமான புதிதில் மாமியார் வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்பதை ஒரு வார்த்தை பேசாமலே மொத்தக் குடும்பத்துக்கும் தெரியப்படுத்தி, ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அந்தக் கடைக்கு ஒரு பேராசிரியை வந்தார். குழந்தைகள் வரைந்த படங்களை நகல் எடுக்கக் கொண்டுவந்திருந்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியை வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குழந்தை நடுவில் ஒரு நாயை வரைந்து, அதன் காலடியில் பள்ளிக்கூடத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வைத்திருந்தது. நகல் எடுக்கும்போதே இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பாவம் மேடம், இந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் ஒரு விஷயமே இல்ல. அந்த நாயைத் தாண்டுறதுதான் பெரிய பாடு" என்றாள்.

பேராசிரியையும் சிரித்தார். "வேலைக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். குழந்தைங்ககூட நடக்கணும். வர்றீங்களாம்மா?" என்று கேட்டார்.

குழந்தை எப்படி வழி கற்றுக்கொள்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு இடத்தில் சின்னஞ்சிறு பிள்ளை காட்டு மேட்டில் விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. இன்னொரு இடத்தில் மீசை முளைக்கப்போகிற பையன் நாலு தெரு தள்ளி விட்டால் திருதிருவென்று விழிக்கிறான். ஏன் அப்படி? பிள்ளை வளர்கிற ஊரா, வளர்க்கிற விதமா, தனியாக வெளியே விடுகிற வயதா? பல நாடுகளில் ஒரே மாதிரி சோதித்துப் பார்த்தார்கள். இவர்கள் பங்குக்கு மலைச்சரிவில் ஒரு குடியிருப்பு, துறைமுகத்தை ஒட்டிய வரிசை வீடுகள், நகரத்தில் அடுக்குமாடிகள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து சுற்று வழியாக, அது முன்பின் பார்த்திராத இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியடியோ பழைய கிடங்கோ வந்ததும், "இப்ப நீதான் எங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளை முன்னால் நடக்கும். அக்கா பின்னால் நடப்பாள். எட்டத்தில் ஒருவர் கேமராவோடு வருவார். பிள்ளை தப்பாகத் திரும்பினால் இவளும் தப்பாகத் திரும்ப வேண்டும். முட்டுச் சந்தில் நின்றால் இவளும் நிற்க வேண்டும். பேச அவளுக்கு இரண்டே வாக்கியம்தான் அனுமதி. பிள்ளை கேட்டால், "நீ எப்படி நினைக்கிறியோ அப்படி." முடிந்தால், "சரி, அடுத்தது."

வாய்க்குத்தான் பேராசிரியை விதி போட்டார். முகத்துக்குப் போட மறந்துவிட்டார். முதல் மாதத்து வீடியோவையெல்லாம் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது யார் முகத்திலும் ஈயாடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பிள்ளை நின்று, தலையைத் திருப்பி, இவளை அண்ணாந்து பார்க்கிறது. சரியான பக்கம் கால் வைத்தால் இவளுக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. தப்பான பக்கம் வைத்தால் புருவம் நெற்றி உச்சிக்குப் போகிறது. ஒரு குட்டிப் பெண் தெருவையே பார்க்கவில்லை. காலை இப்படி வைத்து ஒரு பார்வை, அப்படி வைத்து ஒரு பார்வை, பள்ளிக்கூடம் வந்துவிட்டது!

"இந்தப் பிள்ளைங்க வழியைப் படிக்கலம்மா. உங்க மூஞ்சியைப் படிச்சிருக்காங்க" என்றார் பேராசிரியை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த மாத வேலை முழுக்கக் குப்பைக்குப் போனது. அடுத்த மாதமும் இப்படியென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை, இவளுக்குப் புரிந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் இவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாகிவிட்டது. அவமானத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற மனிதர். "பழகினா வராத வித்தை உண்டா? வீட்டுலதான் ஒரு வாத்தியாரம்மா இருக்காளே, அவகிட்டக் கத்துக்கோ" என்று மகளைக் காட்டினார். அப்போது மகளுக்கு ஆறு வயது. உருண்டு திரண்டு இருந்ததால் பட்டாணி என்று பெயர். அம்மாவின் முகத்தைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிஸ்கட் டப்பா எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அம்மாவின் கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

தினமும் சாயங்காலம் அடுப்படித் தரையில் மூன்று டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். லிஃப்ட்காரரின் நீலச் சட்டையிலிருந்து உதிர்ந்த பட்டனை ஒன்றின் அடியில் அம்மா ஒளிப்பாள். பட்டாணி ஒவ்வொரு டம்ளர் மேலும் கையைக் கொண்டுபோய், அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். பார்த்த மாத்திரத்தில் பட்டனை எடுத்துவிடுவாள்.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"உன் மூக்கு சொல்லுச்சும்மா."

மூக்கு விடைக்கிறதாம். சரி என்று மூக்கை அடக்கினாள். மறுநாள் கழுத்து சொல்லிக் கொடுத்தது. கழுத்தை அடக்கினால் கால் கட்டைவிரல் காட்டிக்கொடுத்தது. "உன் உடம்புல ஒரு இடம்கூட ரகசியம் காக்காது போலிருக்கே" என்று லிஃப்ட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மூவரும் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளின் கை டம்ளருக்குப் பக்கத்தில் வரும்போது மனதுக்குள் ஏழாம் வாய்ப்பாட்டை ஓட்ட ஆரம்பித்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே ஏழாம் வாய்ப்பாடு தகராறு. அதைத் தப்பில்லாமல் சொல்வதிலேயே மூளை முழுக்கப் போய்விடும், முகத்துக்கு மிச்சம் இருக்காது. அது பலித்தது. ஒருநாள் பட்டாணி கையைக் கொண்டுபோய் அம்மாவைப் பார்த்தாள். இன்னொரு டம்ளருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மறுபடி முதல் டம்ளருக்கு வந்தாள். குனிந்து, கண்ணுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் இல்லை. ஒரு டம்ளரைத் தூக்கினாள், காலி. மோவாய் கோணிக்கொண்டு நடுங்கியது.

"ஜெயிச்சுட்டேன்!" என்று அக்கா எழுந்து குதித்தாள். "ஏங்க, ஓடி வாங்க, ஜெயிச்சுட்டேன்!"

பட்டாணி ஓவென்று அழுதாள். சாதாரண அழுகை இல்லை, தேம்பித் தேம்பி. "விளையாட்டுல தோத்ததுக்கு யாராவது அழுவாங்களா, அசடு" என்று அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு இருவரும் சமாதானம் செய்தார்கள். பிஸ்கட் டப்பாவையே திறந்து கொடுத்தார்கள். அவள் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு வேலையில் அக்காவைப் பிடிக்க ஆளில்லை. மலைச்சரிவுப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்க்கும், ஒன்றும் கிடைக்காது, தோளைக் குலுக்கிக்கொண்டு தாங்களே வழி பார்க்கப் போய்விடும். 'பின்னாடி அக்கா' என்று பெயர் வைத்ததும் அந்தப் பிள்ளைகள்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு உயர்ந்தாள். எந்தப் புதுச் சோதனை வந்தாலும் முதலில் ஒரு பிள்ளையிடம் செய்து பார்க்க வேண்டும், அந்தக் கணக்கு ஆராய்ச்சியில் சேராது. அதற்கு வீட்டிலேயே ஒரு பிள்ளை இருந்தது. கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டு, "நம்ம வீடு எந்தப் பக்கம், கையைக் காட்டு" என்பது, தெருவைக் களிமண்ணில் செய்யச் சொல்வது, எல்லாம் பட்டாணியிடம்தான் முதலில் நடக்கும். உப்புக்குச் சப்பாணியாகவே அவள் எல்லா ஆட்டத்திலும் இருந்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும், "சரியாம்மா?" என்று கேட்பாள்.

"சரி, அடுத்தது."

"அது இல்லம்மா. நான் செஞ்சது சரியா?"

"நீ எப்படி நினைக்கிறியோ அப்படி."

வேலை வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. பட்டாணி ஒரு படம் வரைந்து கொண்டுவந்தால் இவள் முகம் தானாகவே ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போனது. பள்ளியில் பாட்டுக்குச் சேரட்டுமா, ஓட்டத்துக்குச் சேரட்டுமா என்றால் அதே வாக்கியம். மேல்படிப்புக்கு எது என்றால் அதே வாக்கியம். முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றால், பதற்றத்தில் உள்ளே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும், மூஞ்சியில் ஒரு கோடு அசையாது. "கல்லுளிமங்கி, பிள்ளைகிட்ட ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன்" என்று லிஃப்ட்காரர் கத்துவார். "அவ வழியை அவளே கண்டுபிடிக்கட்டுங்க. நாம சொல்லிச் சொல்லி வளர்த்தா அது வளர்ச்சியா?" என்பாள் இவள். இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை. தன்னை எதற்கெடுத்தாலும் அதட்டி வளர்த்தார்கள், தன் மகளுக்கு அப்படி இல்லை என்ற பெருமை. அதிலும் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

அப்புறம் வந்தார் கண்ணாடிக் கடைக்காரர்.

லிஃப்ட்காரருக்குப் படிக்கிற கண்ணாடி வாங்க மகள் போன கடை அது. ஃப்ரேம் காதைக் கடிக்கிறது என்று இவர் புலம்பியதைக் கேட்டு, அந்தக் கடைக்காரப் பிள்ளை வீட்டுக்கே வந்தான். சின்னத் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்தான். லிஃப்ட் ஏன் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது என்று கேட்டுவைத்தான், பாவம், மனிதர் ஒரு மணி நேரம் விடவில்லை. அவ்வளவையும் மலர்ந்த முகத்தோடு கேட்டான். எல்லாவற்றையும் விட அக்காவின் மனதைத் தொட்டது வேறொன்று. கண்ணாடியின் காம்பு சில்லென்று இருக்கக்கூடாது என்று அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் அவர் காதில் மாட்டினான். இவன் என் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வான் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளில் அவனுடைய உடன்பிறந்த அக்காவே முறையாக வந்து பெண் கேட்டாள்.

மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப் போடும்போது மகள் கேட்டாள். "எனக்கு ஆமாங்கவும் தெரியல, இல்லைங்கவும் தெரியல. உனக்கு எப்படிம்மா தோணுது?"

கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஈரத் துணி கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் மனசு உள்ளே துள்ளியது. கட்டிக்கொள்ளடி, கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொள் என்று உள்ளே ஒரே கூச்சல். ஆனால் இது அவள் வாழ்க்கை, நான் தள்ளிவிடக்கூடாது என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. அது வந்ததும் பழகிய வாய்ப்பாடும் வந்துவிட்டது.

"நீ எப்படி நினைக்கிறியோ அப்படி" என்றாள்.

மகள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டாள். அந்த வாரக் கடைசியில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருஷம் கண்ணாடிக் கடைக்காரரின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதைப் பிரித்துப் பார்த்த அக்காவுக்கு மனசு ஆறவில்லை. "நல்ல பையன். எனக்கு அவனை எவ்வளவு பிடிச்சிருந்தது தெரியுமா" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டாள்.

மகள் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள். "பிடிச்சிருந்ததா?"

"ஏன்டி?"

"அன்னைக்கு உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னேனேம்மா. உனக்குப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன்."

"பிடிக்கலைன்னா சொல்லியிருக்க மாட்டேனா?"

"பிடிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?" என்றாள் மகள்.

சண்டை போடவில்லை, அழவில்லை. டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தாள். கல்யாணத்துக்கும் போய் வாழ்த்திவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் அவள் அம்மாவிடம் எதையும் கேட்பதை நிறுத்தினாள். கோபத்தில் நிறுத்தவில்லை. கோபம் என்றால் ஒருநாள் தணியும். தண்ணீர் வராத குழாயை யாரும் கோபித்துக்கொண்டா திறக்காமல் விடுகிறார்கள்?

வருஷக்கணக்காக நீண்டுகொண்டே போன ஆராய்ச்சி ஒருவழியாக முடிந்தபோது பெரிய மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மற்ற நாடுகளில் எடுத்த வீடியோக்களையும் திரையில் காட்டினார்கள். பனி கொட்டிக் கிடக்கிற ஒரு இடத்தில் கம்பளித் தொப்பி போட்ட குழந்தை, மணலைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குழந்தை, ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு குழந்தை. ஊர் வேறு, உடை வேறு, வழி கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் வேறு வேறு. திருப்பம் வந்தால் நின்று திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வை மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தது. இடையில் அக்காவின் வீடியோவும் வந்தது. பேராசிரியை அதை நிறுத்தி, "இவங்க முகத்தைத்தான் நாங்க எல்லாருக்கும் உதாரணமாக் காட்டுறோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். திரையில் சுவர் உயரத்துக்கு அவள் முகம் நின்றது. அதை அவள் முதல் தடவையாக, குழந்தை பார்க்கிற பக்கத்திலிருந்து பார்த்தாள். அது செத்த முகமாக இருந்தது.

பேராசிரியை மேலே பேசிக்கொண்டே போனார். "வழி தெரியாத பிள்ளைதான் திரும்பிப் பார்க்கும்னு ஆரம்பத்துல நினைச்சோம். அப்படி இல்லை. வழி நல்லாத் தெரிஞ்ச சின்னப் பிள்ளைங்களும் பார்த்தாங்க. அவங்க வழி கேக்கலை. கூட ஆள் வருதான்னு பார்த்தாங்க. வளர வளர அது நின்னுடும். ஒரு ஊர்ல சீக்கிரமா நிக்கும், ஒரு ஊர்ல லேட்டா நிக்கும்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அடுப்படித் தரையில் கோணிக்கொண்டு நடுங்கின அந்த மோவாய் கண் முன்னால் வந்தது. பட்டாணி அன்றைக்குப் பட்டனைத் தேடி அழவில்லை. அடிப்பாவி, உன்னைத் தேடி அழுதிருக்கிறாளே என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தாளே! வீட்டுக்கு வந்து மகளிடம் இதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தாள். மகள் கதவைத் திறந்து, "கூட்டம் எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள். "நல்லா இருந்துச்சு" என்றாள் இவள். அவ்வளவுதான் வந்தது.

அதனால்தான் இந்தத் தடவை அவ்வளவு உறுதியாகக் காத்திருந்தாள். மகள் கேட்கட்டும், ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். வாயில் வருகிறதைச் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையும் போனது. திங்கட்கிழமை மகள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

லிஃப்ட்காரர் முதலில் மனைவியைத்தான் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேடி" என்றாள் அக்கா.

"கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?" மகள் அம்மாவைப் போலவே விறைப்பாக நின்று, குரலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள். "நீ எப்படி நினைக்கிறியோ அப்படி." அச்சு அசல். லிஃப்ட்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போகாதேன்னு சொல்லியிருப்பேன்."

மகளின் சிரிப்பு நின்றது. "என்னம்மா?"

"போகாதடி. நீ இல்லாம இந்த வீடு எனக்கு வீடாவே இருக்காது. கண்ணாடிக் கடைக்காரனைக் கட்டிக்கோன்னும் சொல்லியிருக்கணும். நீ வரைஞ்ச படமெல்லாம் நல்லா இருந்துச்சு. எல்லாமே நல்லா இருந்துச்சுடி." சேர்த்து வைத்திருந்ததெல்லாம் முன்பின்னாக வந்து விழுந்தது.

மகள் கிட்டே வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறாள், இப்போதாவது ஏதாவது தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் பாழாய்ப்போன பழக்கம், யாராவது உற்றுப் பார்த்தாலே ஏழாம் வாய்ப்பாடு ஓட ஆரம்பித்துவிடும்.

"நிஜமாத்தான் சொல்றியா, விளையாடுறியா? ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றாள் மகள்.

"நிஜமாத்தான்."

"சரிம்மா." அவள் அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். வேலையில், ஊசிக்குப் பயப்படுகிறவர்களைத் தட்டிக் கொடுப்பாள், அந்த மாதிரி. "வாக்குக் கொடுத்துட்டேன்ல. பண்டிகை லீவு கிடைச்சா ஓடி வந்துடுவேன்."

கிளம்புகிற வாரம் வீடெல்லாம் அட்டைப்பெட்டி. லிஃப்ட்காரர் ஒவ்வொரு பெட்டியையும் கயிறு போட்டுக் கட்டி, திருப்தி இல்லாமல் மறுபடி அவிழ்த்துக் கட்டினார். அந்த ஊரில் புதிதாகப் பாத்திரம் வாங்குவானேன் என்று அடுப்படியிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். மகள் தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று டம்ளர்கள் மிச்சம் இருந்தன.

அக்கா அறைக்குள் போய்த் தையல் டப்பாவிலிருந்து அந்த நீலப் பட்டனை எடுத்துக்கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்து டம்ளர்களைக் கவிழ்த்தாள்.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம்டி."

"அட, இதை இன்னுமா வச்சிருக்கே!" மகள் சிரித்தாள். "சரி, சீக்கிரம்."

அக்கா பட்டனை நடு டம்ளருக்கு அடியில் வைத்தாள். இந்தத் தடவை வாய்ப்பாடு இல்லை. வந்தாலும் விடப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மகளின் கை நீண்டதும் அத்தனையையும் முகத்துக்கு வரவிட்டாள். கண் கலங்கியது, உதடு துடித்தது, அந்தப் பழைய மூக்குகூட விடைத்தது. வெட்கத்தை விட்டு நடு டம்ளரையே வெறித்துப் பார்த்தாள். அந்தத் துறைமுகத்துப் பிள்ளைகளில் எது பார்த்திருந்தாலும் ஒரே நொடியில் எடுத்திருக்கும்.

மகள் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு ஓரத்தில் இருந்ததைத் தூக்கினாள். காலி.

"மூஞ்சியைப் பாருடி" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

"அந்தப் பழக்கம் எப்பவோ விட்டுப்போச்சும்மா." குனிந்த தலை நிமிராமலே அடுத்த ஓரத்தைத் தூக்கினாள். அதுவும் காலி. "அப்ப இதுலதான்" என்று நடு டம்ளரைத் தூக்கி, பட்டனை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு, "அப்பா, இந்தப் பெட்டியையும் கட்டிடலாம்" என்று கூப்பிட்டாள்.